சுழியமும் வெறுமையும் ஒன்றல்ல: தங்கவயலின் பெருங்கோப்புகள் குறித்து ஒரு வழக்கு

1960-61 ஆம் ஆண்டுகளில் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குள் இயற்பியலாளர்கள் ஓர் அளவீட்டை மேற்கொண்டனர். மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகிய மூவரின் பெயரில் அது அறியப்படுகிறது. வளிமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்து இறங்கும் மியூவான் துகள்கள் எந்த ஆழத்தில் எத்தனை வந்து சேர்கின்றன என்பதே கேள்வி. ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. 2,760 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கருவி இயங்கியது. ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

அந்த இரண்டு மாத வெறுமையைத் தோல்வி என்று எவரும் ஒதுக்கவில்லை. இவ்வளவு அமைதியான இடத்தில் நியூட்ரினோவைத் தேடலாம் என்ற துணிவு அதிலிருந்தே பிறந்தது. 1965 இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டுக்குழு 2,300 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கட்டுரை வெளியாயிற்று. உலக இயற்பியல் வரலாற்றில் தங்கவயலுக்கு நிலையான இடம் கிடைத்தது.

இனி ஒரு கற்பனை. அந்த இரண்டு மாதப் பதிவு ஒரே கணினிக் கோப்பாக இன்று ஓர் ஆய்வு மாணவரின் கையில் இருக்கிறது. ஆய்வேட்டுடன் தரவையும் ஒப்படைக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கக்கூடிய அறிவுரை என்ன? "வெற்றுப் பகுதியை வெட்டிவிட்டு, நிகழ்வு உள்ள பகுதியை மட்டும் அனுப்புங்கள்." நிகழ்வே இல்லாத கோப்பு என்றால் அனுப்புவதற்கு எதுவும் இல்லை. நியூட்ரினோ ஆய்வுக்கு வழிதிறந்த தரவு, சர்வரில் இடம் போதாது என்ற காரணத்தால் குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்தே இப்பதிவு. இதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கத்தையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது: "வட்டு மலிவாகிவிட்டது, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்னும் வசதி படைத்தோரின் அலட்சியம். முதலாவது அறிவை இழக்கிறது. இரண்டாவது பணத்தை இழக்கிறது. இரண்டும் தேவையற்ற இழப்புகள். வெறுமையை ஒரு பைட்டுகூட வீணாக்காமலும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பை இழக்காமலும் சேமிக்கும் கருவி நெடுநாளாக எல்லோர் கைக்கும் எட்டுகிற தொலைவில் இருக்கிறது. கல்விப்புலம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் இது ஏன் அவசரம்

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று உற்பத்தியை நிறுத்தியது. நூற்றிருபது ஆண்டுச் சுரங்க வாழ்க்கை அத்துடன் ஓய்ந்தது. ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து நிலத்தடியில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் முதுமையடைந்துவிட்டனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலேய மேற்பார்வையாளர் விட்டுச்சென்ற சுரங்கச் சொற்களும் கலந்த அவர்களது பேச்சு, பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறும் பேரப்பிள்ளைகளின் பேச்சில் அதே வடிவில் தொடரப்போவதில்லை.

ஆகவே இப்போது சேகரிக்கப்படும் ஒலிப்பதிவும் வரைபடமும் அளவீடும் மறுபடி சேகரிக்க முடியாதவை. அவற்றைச் சேகரிக்கக் கூடியவர்களுள் பலர் அதே குடும்பங்களின் பிள்ளைகள், உதவித்தொகையில் படிப்பவர்கள், பழைய மடிக்கணினியும் ஒரு பென் டிரைவும் வைத்திருப்பவர்கள். "இன்னொரு வன்தட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது இவர்களிடம் சொல்லக்கூடிய தீர்வன்று. இடம் போதாதபோது இவர்கள் வெட்டுவார்கள். வெட்டியது திரும்பாது.

இடைவெளிக் கோப்பு என்றால் என்ன

கணினியாளர் 'ஸ்பார்ஸ் ஃபைல்' என்று அழைப்பதை இங்கே இடைவெளிக் கோப்பு எனலாம். ஓர் எடுத்துக்காட்டு போதும்.

ஒரு மொழியியல் மாணவர் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டின் பேச்சை முப்பது நாள் பதிவுசெய்கிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கருவி இயங்குகிறது. மற்ற நேரம் அணைக்கப்பட்டிருக்கிறது. பேச்சு எந்த நாளில், எந்த நேரத்தில் நிகழ்ந்தது என்பது ஆய்வுக்கு முக்கியம். எனவே முப்பது நாளையும் ஒரே காலக்கோடாக, ஒரே மூல ஒலிக்கோப்பாக வைக்க அவர் விரும்புகிறார். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 8.3 ஜிபி, முப்பது நாளுக்கு 249 ஜிபி. உண்மையில் பதிவான ஒலியோ 21 ஜிபிக்கும் குறைவு. மிச்சம் 228 ஜிபி, கருவி அணைந்திருந்த நேரம்.

லினக்ஸின் கோப்பு முறைமைகள் இந்த 228 ஜிபியை வட்டில் எழுதுவதில்லை. இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை இடைவெளி என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள்கின்றன. நிரல் எதுவும் அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் சுழியங்களைத் தருகின்றன. கோப்பின் தோற்ற அளவு 249 ஜிபி. வட்டில் பிடிக்கும் இடம் 21 ஜிபி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஆகியவையும் இதைச் செய்ய வல்லவை.

இவ்வாறு ஒரே காலக்கோடாக வைப்பதில் பெரிய நன்மை உண்டு. பதினேழாம் நாள் மாலை ஏழு மணி கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை ஒரு பெருக்கலில் அறியலாம். ஈலான் போன்ற குறிப்பெழுதும் மென்பொருள்கள் நேர எண்களைக் கொண்டே சொற்களை ஒலியுடன் இணைக்கின்றன. வெற்றுப் பகுதியை வெட்டினால் அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு நேர எண்ணும் பிழையாகும். மாதக்கணக்கில் எழுதிய குறிப்புகள் ஒலியை விட்டு நழுவிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. அமைதியும் வெறுமையும் வேறு. கருவி இயங்கும்போது அறையில் எவரும் பேசாவிட்டாலும் விசிறியின் ஓசையும் ஒலிவாங்கியின் இரைச்சலும் பதிவாகும். அவை சுழியங்கள் அல்ல. அந்த மௌனம் உண்மையான தரவு. பேச்சுக்கு நடுவே விழும் இடைநிறுத்தத்தை ஆராய்பவருக்கு அதுவே கருப்பொருள். இடைவெளிக் கோப்பு அதைத் தொடுவதில்லை. கருவி அணைந்திருந்த நேரத்தை மட்டுமே இடைவெளியாக்குகிறது. வெட்டும் பழக்கம் உள்ளவர்களோ இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டுகிறார்கள்.

கோப்பு பயணம் செய்யும்போது

இவ்வளவு நல்ல வசதி இருக்க, சிக்கல் எங்கே? இடைவெளி பற்றிய குறிப்பு கோப்புக்குள் இல்லை. அது கோப்பு முறைமையின் பதிவேட்டில் இருக்கிறது. கோப்பு அந்த வட்டை விட்டு வெளியேறும்போது குறிப்பு பின்தங்கிவிடுகிறது.

பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய இரண்டும் இடைவெளிகளை அறியாதவை. எக்ஸ்ஃபேட்டில் 249 ஜிபி கோப்பைப் படியெடுத்தால் 228 ஜிபி சுழியங்கள் உண்மையாகவே எழுதப்படும். ஃபேட்32 ஒரு கோப்பில் 4 ஜிபிக்கு மேல் ஏற்பதே இல்லை. இணையம் வழியே பதிவேற்றினால், பெரும்பாலும் மென்பொருள் கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து அனுப்பும். சுழியங்களும் கட்டணம் செலுத்திப் பயணம் செய்யும். லினக்ஸில் படியெடுக்கும் கருவிகளுக்கும் கட்டிவைக்கும் கருவிகளுக்கும் இடைவெளியைக் காக்கும் சிறப்புத் தெரிவுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கையிலும், அந்தத் தெரிவு நினைவில் இருந்தால்தான் கோப்பு பிழைக்கும். மாணவரிடமிருந்து வழிகாட்டிக்கும், வழிகாட்டியிடமிருந்து துறைக்கும், துறையிலிருந்து நூலகத்திற்கும் செல்லும் கோப்பை இப்படி ஒரு நினைவாற்றலை நம்பி ஒப்படைப்பது பொறுப்பாகாது.

"ஜிப் செய்தால் போதாதா?"

போதாது. மீண்டும் தங்கவயலையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சுரங்கத்தின் நிலத்தடியை முப்பரிமாணக் கட்டங்களாகப் பதிவுசெய்ய ஒருவர் முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 8 கிலோமீட்டர், ஆழம் 3.2 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டமும் ஒரு மீட்டர் கனசதுரம் என்றால் 2,560 கோடிக் கட்டங்கள்; கட்டத்திற்கு ஒரு பைட் என்றால் 25.6 ஜிபி. பத்து சென்டிமீட்டர் நுணுக்கம் வேண்டுமென்றால் அது ஆயிரம் மடங்காகி 25.6 டிபி ஆகும். இதில் சுரங்கப் பாதைகள் எவ்வளவு? கணக்கின் பொருட்டு 1,000 கிலோமீட்டர் பாதை, 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று கொண்டால் 40 லட்சம் கன மீட்டர்; மொத்தத்தில் ஏறத்தாழ 0.016 விழுக்காடு. 25.6 டிபி கோப்பில் பொருளுள்ள பகுதி 4 ஜிபி மட்டுமே.

ஜிப் வழக்கமாகப் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை தொடர் சுழியங்களையும் ஏறத்தாழ ஆயிரம் மடங்குக்கு மேல் சுருக்க இயலாது. ஆகவே 25.6 டிபியில் உள்ள வெறுமை மட்டுமே ஜிப்பில் 25 ஜிபியளவு இடம் பிடிக்கும். உள்ளடக்கத்தைவிட அதன் வெறுமை ஆறு மடங்கு பெரிது! வேறு சுருக்க முறைகள் இதைவிட நன்றாகச் சுருக்கலாம். ஆயினும் அவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: நடுவில் உள்ள ஒரே ஒரு கட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். முழுவதும் விரித்தால் 25.6 டிபி சுழியங்கள் வட்டை நோக்கிப் பாயும். மடிக்கணினி அதைத் தாங்காது. சுருக்கிய மூட்டை அனுப்புவதற்கு உதவலாம்; அதன்மேல் ஆய்வு செய்ய இயலாது.

வட்டைப் போல் நடிக்கும் கோப்பு

தீர்வு வேறொரு துறையில் இருக்கிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்குவோர், உள்ளே இருக்கும் கணினிக்கு ஒரு வன்தட்டு தேவைப்படுவதால், வன்தட்டைப் போல் நடிக்கும் ஒரு கோப்பை உருவாக்கினர். அதுவே மெய்நிகர் வட்டுப் படிமம். விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ, மைக்ரோசாஃப்டின் விஎச்டிஎக்ஸ், கியூஎமு என்னும் கட்டற்ற மென்பொருளின் கியூகவ்2 ஆகியவை பரவலானவை.

கியூகவ்2 படிமத்தின் அமைப்பை ஒரு நூலகத்துடன் ஒப்பிடலாம். உள்ளே தெரியும் வட்டு 64 கேபி அளவுள்ள தொகுதிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் அட்டவணையில் 8 பைட் அளவில் ஒரு வரி. தொகுதியில் ஏதேனும் எழுதப்பட்டால் மட்டுமே கோப்பின் இறுதியில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டு, அந்த இடத்தின் எண் அட்டவணையில் பதியப்படும். எழுதப்படாத தொகுதிக்கு அட்டவணையில் வெற்று வரி. அட்டவணையும் இரண்டு அடுக்காக இருப்பதால், பெரும் வெற்றுப் பரப்புக்கு இரண்டாம் அடுக்கு அட்டவணையே உருவாவதில்லை.

இங்கே நிகழ்ந்திருக்கும் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இடைவெளிகளின் வரைபடம் கோப்பு முறைமையின் பதிவேட்டிலிருந்து கோப்புக்குள்ளேயே குடிபெயர்ந்துவிட்டது. இனி அதை எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் போடலாம், இணையத்தில் ஏற்றலாம், எவ்விதச் சிறப்புத் தெரிவும் இல்லாமல் படியெடுக்கலாம். 21 ஜிபி எங்கே சென்றாலும் 21 ஜிபியாகவே இருக்கும். திறந்தால் 249 ஜிபி காலக்கோடு அப்படியே கிடைக்கும். எந்த நொடிக்கும் நேராகச் செல்லலாம். தொகுதிகளைத் தனித்தனியே சுருக்கி வைக்கவும் வழி உண்டு; ஒன்றைப் படிக்க மற்றவற்றை விரிக்க வேண்டியதில்லை.

செய்முறையும் எளிது. கியூஎமு-இமேஜ் என்னும் கருவியின் 'கன்வர்ட்' கட்டளை மூலக் கோப்பை நேரே படிமமாக மாற்றும். 'கம்பேர்' கட்டளை இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றே என்று சரிபார்க்கும். 'செக்' கட்டளை அட்டவணை பழுதின்றி உள்ளதா என்று காட்டும். லினக்ஸில் கியூஎமு-என்பிடி என்னும் கருவி படிமத்தை ஒரு வட்டாகவே கணினியுடன் இணைத்துவிடும். விண்டோஸ் பயன்படுத்துவோர் விஎச்டிஎக்ஸ் படிமம் ஒன்றை உருவாக்கி, அதனுள் என்டிஎஃப்எஸ் அமைத்து, இடைவெளிக் கோப்பை அதற்குள் வைக்கலாம். எல்லாமே இலவசம்.

அடுக்கும் முறையில் இருக்கும் பொறி

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லாக் கோப்பையும் படிமமாக்கிவிடுவோர் ஓரிடத்தில் ஏமாறக்கூடும். வெறுமை பைட் அளவில் இருந்தால் போதாது. தொகுதி அளவில் இருக்க வேண்டும். 64 கேபி தொகுதியில் ஒரே ஒரு பைட் எழுதப்பட்டாலும் முழுத் தொகுதியும் இடம் பிடிக்கும்.

அந்தப் பத்து சென்டிமீட்டர் சுரங்க வரைபடத்தையே பார்க்கலாம். கட்டங்களை நீளவாக்கில் வரிசையாக அடுக்கினால் ஒரு வரிக்கு 80,000 பைட். தொழிலாளர் 'ஷாஃப்ட்' என்று அழைக்கும் செங்குத்துக் குழி ஒன்று 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் கொண்டது எனில், ஒவ்வொரு வரியிலும் அது 20 பைட் மட்டுமே தொடும். அடுத்த 20 பைட் 80,000 பைட்டுக்கு அப்பால், வேறு தொகுதியில். ஒரு மீட்டர் ஆழத்திற்கு இவ்வாறு 200 தொகுதிகள். ஒரு கிலோமீட்டர் ஷாஃப்டுக்கு 13 ஜிபி! அதில் உள்ள உண்மைத் தரவு 4 எம்பி.

அதே தரவை 32 கட்டம் நீளம், 32 கட்டம் அகலம், 64 கட்டம் உயரம் கொண்ட பெட்டிகளாகப் பகுத்து, பெட்டி பெட்டியாக அடுக்கினால் ஒவ்வொரு பெட்டியும் சரியாக 65,536 பைட், ஒரு தொகுதி. ஷாஃப்ட் எங்கே அமைந்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 41 எம்பி வரையே ஆகும். தரவு மாறவில்லை; அடுக்கும் முறை மட்டுமே மாறியது. அடுக்கை மாற்ற இயலாத நிலையில், படிமத்திற்குள் 4 கேபி அலகில் இயங்கும் எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமையை அமைத்து அதற்குள் கோப்பை வைக்கலாம். அது சிதறிய துண்டுகளை அருகருகே அடுக்கிக்கொள்வதால் 13 ஜிபி ஏறத்தாழ 0.8 ஜிபியாகக் குறையும்.

எல்லாத் தரவுக்கும் இது மருந்தும் அன்று. மொழியியலாளர் பயன்படுத்தும் சொல்லிணைவு அணியை எடுத்துக்கொண்டால், ஒரு லட்சம் சொற்களுக்கு 1,000 கோடி அறைகள்; அறைக்கு 4 பைட் என்றால் 40 ஜிபி. பத்து லட்சம் சொல் கொண்ட தொகுப்பில் இருபுறமும் இரண்டு சொல் வரை பார்த்தால் நிரம்பும் அறைகள் 40 லட்சத்தைத் தாண்டா. ஆனால் அந்த 40 லட்சமும் சிதறிக் கிடந்தால், மொத்தமுள்ள ஆறு லட்சத்துச் சொச்சம் தொகுதிகளில் ஏறக்குறைய எல்லாமே தொடப்பட்டுவிடும். சேமிப்பு எதுவும் இராது. அங்கே நிரம்பிய அறைகளை மட்டும் பட்டியலிடும் முறையே தக்கது. காலக்கோட்டு ஒலி, நில அதிர்வுப் பதிவு, பெட்டியாக அடுக்கிய முப்பரிமாண வரைபடம் என வெறுமை பெரும் பரப்பாகக் கிடக்கும் தரவுக்கே படிமம் பொருந்தும். கருவியின் எல்லையைச் சொல்லாமல் கருவியைப் புகழ்வது விளம்பரமாகும்.

சுழியம் ஒரு விடை, வெறுமை விடையின்மை

சேமிப்பைவிடப் பெரிய கேள்வி இனிமேல்தான். 2,760 மீட்டர் ஆழத்தில் பதிவான சுழியத்திற்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? கருவி இரண்டு மாதம் விழித்திருந்தது என்று தெரிந்ததால் வந்தது. கருவி பழுதாகிக் கிடந்து சுழியம் கிடைத்திருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. 1965 ஆம் ஆண்டுச் சோதனையில் கருவி தூண்டப்பட்டபோது மட்டுமே நியான் ஒளிர்குழாய்களின் ஒளிப்படம் எடுக்கப்பட்டது; மற்ற நேரத்திற்குப் படம் இல்லை. ஆனால் இயங்கிய நேரத்தின் கணக்கு இருந்தது. எத்தனை நிகழ்வு என்பதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்று தெரியாவிட்டால் எந்த முடிவும் நிற்காது.

மொழியியலிலும் நிலைமை இதுவே. "ஆண்டர்சன்பேட்டைப் பேச்சில் இந்தச் சொல் வழங்குவதில்லை" என்று எழுதுபவர், எத்தனை மணி நேரம் கேட்டபின் அதைச் சொல்கிறார் என்பதைக் காட்டக் கடமைப்பட்டவர். கேட்டும் வராத சொல் வேறு. கேட்காததால் வராத சொல் வேறு.

இடைவெளிக் கோப்பு இந்த வேறுபாட்டை மறைக்கிறது. இடைவெளியைப் படித்தாலும் சுழியம். எழுதப்பட்ட சுழியத்தைப் படித்தாலும் சுழியம். கியூகவ்2 வடிவம் 2012 முதல் தன் மூன்றாம் பதிப்பில் 'ஒதுக்கப்படாத தொகுதி', 'சுழியம் என்று குறிக்கப்பட்ட தொகுதி' ஆகிய இரண்டையும் அட்டவணையில் தனித்தனியே குறிக்க இடமளிக்கிறது. 'மேப்' என்னும் கட்டளையால் வரைபடத்தைப் பார்க்கவும் முடியும். இருப்பினும் ஆய்வுண்மையை இந்தக் குறியை நம்பி விடக்கூடாது. 'கன்வர்ட்' கட்டளை இயல்பாகவே, மூலத்தில் உண்மையாக எழுதப்பட்ட நீண்ட சுழியத் தொடரையும் இடைவெளியாக்கிவிடும். ஆகவே கருவி எந்த நாள், எந்த நொடி முதல் எந்த நொடி வரை விழித்திருந்தது என்ற பட்டியலை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதிப் படிமத்துடன் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். சில கேபிகள்தாம். அவை இல்லாவிட்டால் எஞ்சிய ஜிபிகள் சாட்சி சொல்லத் தகுதியற்றவை.

எழக்கூடிய மறுப்புகள்

"ஐம்பது ஆண்டு கழித்துக் கியூகவ்2 கோப்பை யார் திறப்பார்?" நியாயமான கேள்வி. அதன் அமைப்பு விவரம் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. இரண்டு அடுக்கு அட்டவணையைப் படித்துத் தொகுதிகளை வரிசைப்படுத்தும் நிரலை ஒரு முதுகலை மாணவர் எழுதிவிடலாம். அவ்விவரத்தின் ஒரு படியையும் உடன் வைத்தால் போதும். இதே கேள்வியைத் தனியுரிமை மென்பொருளில் சேமிக்கப்பட்ட ஆய்வேடுகளைப் பார்த்து எவரும் கேட்பதில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

"அட்டவணை கெட்டால் எல்லாம் போய்விடுமே?" உண்மை. மூலக் கோப்பில் ஒரு பகுதி கெட்டால் அப்பகுதி மட்டும் போகும். படிமத்தின் முதல் அடுக்கு அட்டவணை கெட்டால் மிகப்பெரும் பகுதி எட்டாமல் போகும். ஆகவே இரண்டு படிகள், இரண்டு இடங்களில், சரிபார்ப்பு எண்ணுடன். 249 ஜிபியை ஒரு படி வைக்க ஆகும் இடத்தில் 21 ஜிபியைப் பதினொரு படி வைக்கலாம் என்பதால், பாதுகாப்பை முன்வைக்கும் இந்த மறுப்பு படிமத்திற்கே சாதகமாகத் திரும்புகிறது.

"இதெல்லாம் கணினித்துறையின் வேலை." இல்லை. எந்த வெறுமை பொருளுள்ளது, எது பொருளற்றது என்று கணினித்துறைக்குத் தெரியாது. மௌனத்தை அறிந்தவர் மொழியியலாளர். பாறையின் அமைதியை அறிந்தவர் புவியியலாளர். முடிவை அவர்கள் எடுக்காவிட்டால், இடம் போதாத சர்வர் எடுத்துவிடும்.

மண்மேடுகள் சொல்லும் பாடம்

தங்கவயலுக்குள் நுழையும் எவரும் முதலில் காண்பது சயனைடு மண்மேடுகள். பொன்னைப் பிரித்தெடுத்தபின் வெற்று மண் என்று கொட்டப்பட்டவை. காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வரும். அதன் விலையைத் தலைமுறைகளாகச் செலுத்தியவர்கள் அங்கே வாழும் மக்கள். ஆனால் அந்த மண்ணிலும் பொன் எஞ்சியிருக்கிறது. 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 மண்மேடுகளில் மீண்டும் சுரங்கப் பணி மேற்கொள்ளும் மத்திய அரசின் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒரு தலைமுறையின் கருவிக்கு வெற்றாகத் தெரிந்தது இன்னொரு தலைமுறையின் கருவிக்கு வெற்றன்று.

மண் கொட்டப்பட்ட இடத்திலேயே கிடந்தது. அதனால் திரும்பிப் பார்க்க முடிந்தது. வெட்டி அழிக்கப்பட்ட கோப்புக்கு மேடு கிடையாது.

ஆகவே பல்கலைக்கழகங்களின் முன் வைக்கப்படும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தரவு ஒப்படைப்பு விதிகளில் கோப்பின் தோற்ற அளவை அளவுகோலாகக் கொள்ளாமல், உண்மையில் பிடிக்கும் இடத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்; மெய்நிகர் வட்டுப் படிமத்தை ஏற்கத்தக்க வடிவங்களுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, நிகழ்வுப் பகுதியை மட்டும் ஒப்படைக்கும் எந்த ஆய்வேட்டிலும் கருவி விழித்திருந்த நேரத்தின் பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, ஆய்வு முறையியல் பாடத்தில் மேற்கோள் குறியை எங்கே இடுவது என்று கற்பிக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை, ஒரு கோப்பை எப்படிப் பேணுவது என்பதற்கு ஒதுக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு முதியவர் பேசி முடித்து, ஒலிவாங்கி அணைக்கப்படும் நொடியைக் குறித்துவைக்கும் ஒழுங்கு தேவை. அவர் பேசியதையும் பேசாமல் இருந்ததையும் எவரும் கேளாதிருந்ததையும் தனித்தனியே காட்டக்கூடிய ஒரு கோப்பே அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குப் பயன்படும். அதற்கு 249 ஜிபி வேண்டியதில்லை. 21 ஜிபியும் ஒரு பக்க உரைக்கோப்பும் போதும்.